பதினொன்று பத்துக்கு வருவது

"அந்த மதில நான் கட்டலீங்க. எங்க அப்பா காலத்துலயே அது அங்கதான் இருந்துச்சு," என்றார் சாட்சிக் கூண்டில் நின்ற யாகப்பர். கெலிஓயாவில் இரண்டு வீட்டுக் காணிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு மதிலுக்காக ஏழு வருடமாக நடக்கும் வழக்கு அது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற உரைபெயர்ப்பாளர் கமலாசனி, அதைச் சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தாள். மதிலை நான் கட்டவில்லை என்பது வரை வந்தது. மிச்சம் வரவில்லை. முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு தலைமயிருக்கு அடியில் வியர்வை ஊறிக் கழுத்தில் இறங்கியது. நெஞ்சு அடித்த அடியில் தோளில் குத்தியிருந்த சாறி ஊசி துடிப்பது அவளுக்கே தெரிந்தது. காதுக்குள் புடவைக் கடையில் துணி கிழிப்பதுபோல ஒரு நீளச் சத்தம். தான் இப்போது சாகப்போகிறோம் என்று, யாரோ பக்கத்தில் நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனதுபோல, அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதிர்ச் சுவர் மணிக்கூடு பதினொன்று பத்து காட்டியது.

"எனக்கு மூச்சு முட்டுகிறது. இங்கே நிற்க முடியாது," என்று சிங்களத்தில் சொன்னாள்.

அங்கேதான் பிழை நடந்தது. நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் 'நான்' என்றால் அது சாட்சியின் நான். 'எனக்கு' என்றால் சாட்சிக்கு. இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த மண்டபத்தில் நான் திருடவில்லை என்றும், நான் அவளை அடித்தேன் என்றும், என் பிள்ளையை எனக்குத் தாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். ஒருதரம்கூட யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. தட்டெழுத்து மேசையில் இருந்த றமீஸா, சிங்களத் தட்டெழுத்தில் அவளை வெல்ல அங்கே ஆளில்லை, கேட்டதைக் கேட்டபடி அடித்துவிட்டாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே எழுந்து, கேள்வி கடுமையானதும் சாட்சி கூண்டில் நிற்க முடியாது என்கிறார், இதைக் கவனத்தில் எடுக்கவேண்டும் என்றார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு யாகப்பர் திடுக்கிட்டார். "என்னங்க? நான் ஒண்ணும் சொல்லலீங்களே. எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது." அவர் சொன்னது தமிழில். அதைச் சிங்களமாக்க வேண்டியவளோ கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

றமீஸாதான் எழுந்து நீதிபதியிடம் விஷயத்தைச் சொன்னாள். அடித்த வரி வெட்டப்பட்டது. வழக்கு ஆறு கிழமைக்குத் தள்ளிப்போனது. பின்னறையில் கமலாசனியைக் கதிரையில் இருத்தி, கன்டீனிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து கையில் வைத்தாள். "ஒரு கரண்டி சீனியும் போடல்ல கமலாக்கா, பயமில்லாமக் குடிங்க. நீங்க என்னத்துக்கு இப்பிடி வெளிறிப் போற? நான் இன்னம் கொஞ்சத்துல அந்தக் கெழவன்ட மூச்ச நிப்பாட்டி ஜெயிலுக்கு அனுப்பியிருப்பன்." கமலாசனிக்குச் சிரிப்பு வரவில்லை. கால் மணித்தியாலத்தில் எல்லாம் வடிந்து, குளிரும் களைப்பும் மட்டும் மிஞ்சின. இது மூன்றாவது தடவை.

நீதிபதி அதிகம் பேசாத பெண். பின்னேரம் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லித்தான் பேசினார். அடுத்த தவணை நாள் முடிவதற்குள் ஒரு வைத்தியரின் கடிதம் தன் மேசைக்கு வரவேண்டும். வேலை செய்யலாம் என்று அதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பதிவறைக்கு மாற்றச் சொல்லி எழுதுவதைத் தவிர வழியில்லை. "இது உங்களுக்காக மட்டும் இல்லை. ஒருவருடைய காணி உங்கள் வாயில் இருக்கிறது," என்றார். அது சரிதான் என்று கமலாசனிக்கும் தெரியும். பதிவறை கீழ்த்தளத்தில் இருந்தது. கட்டுக்கட்டாகப் பழைய வழக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு மேசை. பிறர் கதையைப் பேசும்போது மட்டும் குரல் வருகிற பெண் அவள். பஸ்ஸில் மணியடிக்கவே கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிப்பார்களா என்று காத்திருந்து, ஒரு தரிப்புத் தள்ளி இறங்கி நடந்து வருகிறவள். பதிவறைக்குப் போனால் அவள் வாயில் ஒரு சொல்லும் மிஞ்சாது.

அவள் முதலில் சந்தேகப்பட்டது குளிசையை. ஆறு வருடமாகச் சீனி வருத்தத்துக்குப் பெரிய வெள்ளைக் குளிசை ஒன்றை விழுங்கிவருகிறாள்; அதனால் வயிற்றுப் பொருமலைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. ஜூன் மாதம் இரத்தத்தில் சீனி இருநூற்றுப் பத்தில் நின்றபோது கிளினிக்கில் காலைக்கு ஒரு சின்னக் குளிசை சேர்த்தார்கள். அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகுதான் முதல் தடவை வந்தது, இதே பதினொரு மணியை ஒட்டி, பஸ்ஸுக்குள், வாவிக்கரை நெரிசலில். கிளினிக்கில் குளிசையைக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் நேரமும் எண்ணிக்கையும்தான் இருக்கும், எச்சரிக்கை ஒன்றும் இராது. ஆகவே நகரத்தில் ஒரு பார்மசிக்குப் போய், வாங்க வந்த ஆள்போல நின்று, அதே குளிசையின் பெட்டிக்குள் இருக்கும் தாளை மட்டும் தரமுடியுமா என்று கேட்டாள். கேட்பதற்குள் நாலு தரம் வரிசையில் பின்னுக்குப் போனாள். தாள் சாறி மடிப்புப்போலப் பதினாறாக மடிந்திருந்தது. வீட்டில் அலுமாரிக் கதவைத் திறந்து அதன் மறைவில் நின்று வாசித்தாள். சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். இறங்கினால் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம் ஏற்படக்கூடும். அவள் அந்தக் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டாள். சாட்சிகள் 'இருக்கக்கூடும்' என்று சொல்லும்போது வழக்கறிஞர்கள் எப்படிப் பாய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூடும் என்பது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. அதை வைத்து ஒருவரைத் தூக்கிலும் போடமுடியாது, வீட்டுக்கும் அனுப்பமுடியாது.

ஆனால் அவள் குளிசைதான் குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று விரும்பினாள். ஏனென்றால் குளிசை இல்லையென்றால் மிஞ்சுவது அவள். அவளுடைய சின்னம்மா ஒருத்தி யாழ்ப்பாணத்தில், நாற்பத்தெட்டு வயதில், கோயில் வீதியில் நின்றபடி மூச்சு முட்டுது என்று கத்தினாள். பிறகு கடைக்குப் போகப் பயந்தாள், முற்றத்துக்கு வரப் பயந்தாள், கடைசியில் அறையை விட்டு வரவேயில்லை. சனங்கள் அந்த வீட்டுக்கு 'விசர்ச்சி வீடு' என்று பெயர் வைத்தார்கள். கமலாசனிக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. மூன்று வருடம் தப்பிவிட்டோம் என்று நினைத்திருந்தாள்.

கிளினிக்கில் டொக்டர் இளம் ஆள், அவளுடைய கிளினிக் கொப்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இருநூற்றுப் பத்து நூற்றுப் பன்னிரண்டாகியிருந்தது. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதைப் பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அந்த நேரத்தில் சீனி பார்த்தீர்களா என்றார். இல்லை. "அப்படியென்றால் என்னால் சொல்லமுடியாது. சீனி இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். மனப்பதற்றம் தாக்கினாலும் இப்படித்தான் இருக்கும். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே முகம்." சீனி பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி எப்போதும் பையில் வைத்திருக்கச் சொன்னார். வரும்போது, வந்துகொண்டிருக்கும்போதே, குத்திப் பார்க்கவேண்டும். எழுபதுக்குக் கீழே காட்டினால் எதையாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிட்டு நேரே தன்னிடம் வரவேண்டும். குளிசையைக் குறைத்து நீதிமன்றத்துக்குக் கடிதமும் தருவார். எண் சரியாக இருந்தால்? அவர் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டாமல் நீட்டினார். மனநலக் கிளினிக்குக்கு. "இதுவும் சீனிபோல ஒரு வருத்தம்தான் அம்மா. வெட்கப்பட ஒன்றுமில்லை," என்றார். அவள் உறையைக் கைப்பையின் உள் அறையில் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். யாருக்கும் சொல்லவில்லை. கணவர் தம்பிராஜாவுக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினாள். திகதி, நேரம், காலையில் என்ன சாப்பிட்டது, குளிசை எந்த நிறம் என்பதுகூட. ஏனென்றால் இந்த மாதம் சின்னக் குளிசை வெள்ளையிலிருந்து மங்கின மஞ்சளாகியிருந்தது, அதையும் அவள் நம்பவில்லை. மெஷின் பையில் இருந்தது. ஆனால் அதே நேரத்துக்கு நாலாம் தடவை வந்தபோது நீதிமன்றக் கழிப்பறையில் கை நடுங்கி, பரிசோதனைக் கீற்றுகள் எல்லாம் ஈரத்தரையில் கொட்டிப்போயின. இன்னும் நிறையக் கீற்றுகள் வீட்டில் இருந்தன. குத்திப் பார்க்காததற்கு நடுக்கம் மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும். எண் சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

ஓகஸ்ட் நடுவில் தம்பிராஜா நல்லூர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டார். விவசாயத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றதிலிருந்து ஒவ்வொரு வருடமும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் போய், தமக்கை வீட்டில் இரண்டு கிழமை நின்றுவிட்டு வருவார். பெரஹரா ஊர்வல நாட்கள் வேறு. பாதி வீதிகளை மூடிவிட்டிருந்தார்கள். கமலாசனி அம்பிட்டியச் சரிவில் இருந்த வீட்டில் தனியாக இருந்து, தனக்கென்று மட்டும் சமைக்கப் பஞ்சிப்பட்டு, காலையில் பாணும் சம்பலும், பத்து மணிக்குக் கன்டீன் மரக்கறி ரொட்டியும் தின்று காலத்தை ஓட்டினாள். பதினாறு நாள். ஒருதரமும் வரவில்லை. பதினொன்று பத்து வந்து, பதினொன்று கால் ஆகி, அரை ஆகும். அவள் மூச்சை விடுவாள். தம்பிராஜா பனங்கட்டியும் விபூதியும் கொண்டு திரும்பி வந்தார். மூன்றாம் நாள், றமீஸாவோடு மாடிப்படி இறங்கும்போது, மறுபடியும் அது வந்தது. அன்றும் அவள் மெஷினை எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் கொப்பியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வந்த நாட்களுக்குச் சிவப்பு, வராத நாட்களுக்குக் கறுப்பு. கறுப்பு ஒரே நீட்டாக ஓடியது. அது தொடங்கியதும் முடிந்ததும் யாழ்ப்பாணப் பஸ் டிக்கட்டுகளின் திகதிகளை ஒட்டித்தான். குளிசையை அந்தப் பதினாறு நாளும் அவள் தவறாமல் போட்டிருந்தாள். சாப்பாட்டை மாற்றியிருந்தாள், அது உண்மை. அதையும் ஓரத்தில் குறித்தாள், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. ஆனாலும் கண் திரும்பத் திரும்ப அந்த இரண்டு திகதிகளில் போய் நின்றது. குசினிக்குள் தம்பிராஜா விசிலடித்துக்கொண்டு எதையோ கழுவினார். இருபத்தாறு வருடமாகக் கேட்கிற விசில். அது இன்றைக்கு வேறு ஆளுடையதுபோல இருந்தது.

பிறகு அவள் பார்க்கத் தொடங்கினாள். பார்க்கத் தொடங்கினால் எல்லாமே தெரிந்தது. விடிய அவள் எழும்பமுன் அவர் எழும்பிவிடுகிறார். ஓய்வுபெற்ற மனிதருக்கு அஞ்சு மணிக்கு என்ன வேலை? குசினிக் கதவு சாத்தியிருக்கிறது. அவள் கொண்டுபோகும் தண்ணீர் பிளாஸ்க்கை நிரப்பி வைப்பது அவர்தான். எப்போது தொடங்கியது இந்த அக்கறை? முன்பெல்லாம் தனக்கே தண்ணீர் வார்த்துக் குடிக்கத் தெரியாத ஆள். பின்னேரம் அவள் படி ஏறி வந்து செருப்பைக் கழற்றமுன் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"தண்ணி முழுக்கக் குடிச்சனீரோ?"

"குடிச்சனான்."

அவர் பிளாஸ்க்கைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். "பொய். கால்வாசி கிடக்கு. ஒருக்காச் சொன்னாக் கேக்கிறேல்லை நீர்."

நீதிமன்றத்தில் அவள் வாயால் எத்தனை கணவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை. அவளுடைய நன்மைக்குத்தான். அவர்களுடைய குரல்கள் எல்லாம் இப்போது பஸ்ஸில் அவளோடு ஏறி, பக்கத்து இருக்கையில் இருந்தன. சீ, என்ன நினைப்பு என்று தன்னையே கடிந்தாள். இப்படி நினைப்பதே அந்த வருத்தத்தின் அறிகுறியாக இருக்குமோ என்றும் பயந்தாள். சின்னம்மாவும் கடைசியில் தண்ணீர்ப் பானையை முகர்ந்து முகர்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் வார்த்தாள். உருக்கு பிளாஸ்க், இத்தனை நாளும் மூடியைத் திறந்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வதுதான் வழக்கம். குவளையில் தண்ணீர் தண்ணீராக இல்லை. நேற்றைய தேத்தண்ணிக் கோப்பையை அரைகுறையாகக் கழுவி ஊற்றியதுபோல மெல்லிய செம்மஞ்சள். றமீஸா எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன? ஒங்கட மாப்புள பிளேன்டி போட்டு ஆத்தி அனுப்பி இரிக்கிறாரா?"

"தண்ணி எண்டுதான் தந்தவர்."

றமீஸா குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். சிரிக்க ஆரம்பித்து, கமலாசனியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "மணமும் இல்ல ஒண்டும் இல்ல. குடிக்காதீங்க கமலாக்கா. கேட்டுட்டுக் குடிங்க." கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "நீங்க அந்த ஆளப் பத்தி என்னமும் நெனைக்கிறீங்களா? பேரச் சொல்லிக் கூப்புட்றதுக்கே வெக்கப்பட்ற மனிசன்," என்றாள். கமலாசனி குவளையைக் கொண்டுபோய்ப் பூச்செடிக்கு ஊற்றப்போனவள், செடியின் நிலைமையை யோசித்து, கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

மறுநாள் விடிய நாலே முக்காலுக்கே விழித்துக் கிடந்தாள். பக்கத்தில் கட்டில் முனகியது, காலடி போனது, கதவு சாத்தியது. நூறு வரை எண்ணிவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். தம்பிராஜா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மரத்தில் குடைந்த பெரிய கோப்பையையும் மறுகையில் தேத்தண்ணி வடியையும் பிடித்தபடி, பிளாஸ்க்குக்குள் செந்நிறத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். பிடிபட்ட முகம். அதில் பாதி வெட்கம், பாதி கோபம்.

"பேய் மாதிரி வந்து நிக்கிறீர். கொட்டப் பாத்தன்."

"இதென்னப்பா?"

"கோப்பை."

"அது தெரியுது. என்னத்துக்கு?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். தடித்த, கனமான மரம். உட்புறம் ஊறிக் கறுத்திருந்தது. "கொத்தல ஹிம்புட்டு எண்டு சொல்லுறவை. சீனி வருத்தத்துக்கு. கடுகண்ணாவையில ரோட்டோரம் விக்கிறாங்கள். இரவு தண்ணி ஊத்தி வைச்சு விடிய வடிச்சுக் குடிக்கிறது. ஒரு பிழையும் இல்லாத மரம், சிங்களச் சனம் எவ்வளவு காலமாக் குடிக்குது."

"எப்பயிருந்து?"

"ஜூன்."

சின்னக் குளிசையும் ஜூன். கமலாசனி சுவரில் சாய்ந்தாள். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் குடிப்பீரோ? டொக்டரிட்டக் கேக்கோணும் எண்டு நிப்பீர். அவர் சிரிப்பார்." குரல் இறங்கியது. "அக்காவின்ர காலை எடுக்கேக்குள்ள ஒப்பரேசன் தியேட்டர் வாசலில நிண்டது நான். அவவும் குளிசை போட்டவதான். ஒழுங்காப் போட்டவ. இந்தமுறை போகேக்குள்ளயும் அந்த ஒத்தைக் காலோட வந்து எனக்குச் சோறு போட்டவ. அதைப் பாத்திட்டு வந்து நான் இஞ்ச சும்மா இருக்கவோ?"

வெளியே முதல் பஸ் அம்பிட்டிய வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினாள். பஸ்ஸில் வந்தது, கூண்டுக்குப் பக்கத்தில் வந்தது, கழிப்பறைத் தரையில் கீற்றுகள் கொட்டியது, நீதிபதி சொன்னது, கைப்பைக்குள் இருக்கும் உறை. இவ்வளவு நீளமாகத் தன் கதையை அவள் யாருக்கும் சொன்னதில்லை. இடையில் பலதரம் சொல் தேடி நிற்கவேண்டி வந்தது. "நான் விசராகிக்கொண்டு வாறன் எண்டு நினைச்சன். சின்னம்மா மாதிரி," என்றாள் கடைசியில்.

தம்பிராஜா வடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. "அப்ப என்ர கோப்பைதான் செய்தது எண்டு சொல்லுறீரோ?"

"தெரியேல்லை."

"குளிசை செய்திருக்கக் கூடாதோ? ரெண்டும் ஒண்டாத்தானே துடங்கினது."

"ரெண்டும் சேந்தும் செய்திருக்கும்."

"நூத்திப் பன்ரண்டுக்கு இறங்கினதுக்கு மட்டும் குளிசைக்குப் பேர். பிழைக்கு நான்," என்று முணுமுணுத்தார். பிறகு பிளாஸ்க்கைக் கவிழ்த்து முழுவதையும் கொட்டினார். கோப்பையைக் கழுவி, ஜன்னல் விளிம்பில் குப்புற வைத்தார். போகும்போது திரும்பாமலே, "செத்துப்போவன் எண்டு நினைக்கிற அளவுக்கு வந்திருக்கு, ஆறு பேர் தாண்டியெல்லோ எனக்குத் தெரியவருது," என்றார்.

அன்றிலிருந்து அவள் தன் பிளாஸ்க்கைத் தானே நிரப்பினாள், குழாயில், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு. காலையில் பழையபடி தம்பிராஜாவோடு இருந்து அவித்த பயறும் குரக்கன் பிட்டும் அளவாகச் சாப்பிட்டாள். பத்து மணி ரொட்டியை நிறுத்தினாள். குளிசையைப் போட்டாள். பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. கொப்பியில் கறுப்பு மறுபடி நீண்டது. ஜன்னல் விளிம்பில் கோப்பை காய்ந்து ஓரத்தில் மெல்லிய வெடிப்பு விட்டது. தம்பிராஜா அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போவார். அதுதான், அவ்வளவுதான் என்று அவள் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்வதை அவள் முழுவதாக நம்பவில்லை. கறுப்பு முன்பும் ஒருதரம் நீளமாக ஓடியிருக்கிறது.

தவணை நாள் வந்தது. காலையில் நீதிபதி நடைபாதையில் அவளைக் கண்டு, "கடிதம்?" என்றார். பின்னேரத்துக்குள் தருகிறேன் என்றாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கடிதம். மனநலக் கிளினிக்குக்குப் போன ஒருத்தியைச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தலாமா என்று கேட்பதற்கு எந்த வழக்கறிஞருக்கும் ஒரு நிமிடம் போதும். வேலை முடிந்ததும் டொக்டரிடம் ஓடிப்போய்க் கோப்பை விஷயத்தைச் சொல்லி, பன்னிரண்டு கறுப்பு நாளைக் காட்டி, வேறு கடிதம் கேட்கலாம் என்பது அவள் கணக்கு.

யாகப்பர் கூண்டில் ஏறினார். ஞாயிறு பூசைக்கு உடுப்பதுபோல வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். கமலாசனியைப் பார்த்து, "இன்னிக்கு நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டார். அவள் தலையசைத்தாள். மதிலின் நீளம், மதிலின் உயரம், மதிலோரம் நின்ற பலாமரத்தை வெட்டியது யார். சொற்கள் தங்குதடையில்லாமல் ஒரு மொழியிலிருந்து மற்றதுக்குப் போயின. அவள் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

முதலில் விரல் நுனிகள்.

இல்லை, என்றாள் மனதுக்குள். தண்ணீர் நானே வார்த்தது. பயறு அளவாகத்தான் சாப்பிட்டேன். இனிமேல் சந்தேகப்பட வீட்டில் யாரும் மிச்சமில்லை. தலைமயிருக்கு அடியில் ஈரம் ஊறியது. துணி கிழிகிற சத்தம் தொடங்கியது. யாகப்பர் ஏதோ சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். வழக்கறிஞர் பார்த்தார். பிடித்துக்கொண்டு நின்றால் கால் மணித்தியாலத்தில் வடிந்துவிடும். யாருக்கும் தெரியாமல் ஒருவேளை தப்பலாம். கைப்பை றமீஸாவின் மேசைக்கு அடியில் இருந்தது, நாலே அடி.

"எனக்கு ஒரு நிமிடம் வேண்டும்," என்றாள் சிங்களத்தில்.

நீதிபதி யாகப்பரைப் பார்த்துத் தலையசைத்தார். "சாட்சிக்குத் தண்ணீர் கொடுங்கள்," என்றார் வழக்கறிஞர். காவலாளி குவளையோடு வந்தார். "எனக்கு வேணாங்க," என்றார் யாகப்பர்.

"சாட்சிக்கு இல்லை," என்றாள் கமலாசனி. குரல் அவளுக்கே பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தது. "எனக்கு. கமலாசனிக்கு."

மண்டபம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அவள் நாலடி நடந்து, குனிந்து, பையை இழுத்து, றமீஸாவின் மேசை மூலையிலேயே மெஷினை வைத்தாள். கீற்று ஒன்று நழுவியது. றமீஸா அதைப் பிடித்து நேராக்கிச் சொருகினாள். கமலாசனி ஊசிப் பேனையை விரலில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. விரல் கடதாசிபோல வெளுத்திருந்தது.

"அப்பிடி வராதும்மா," என்று கூண்டிலிருந்து யாகப்பர் சொன்னார். "வெரல அடியிலேருந்து நீவி விடுங்க. எனக்கும் இருக்கு, பதினோரு வருசமா."

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவள் நீவினாள். ஒரு துளி எழுந்து, உருண்டு, விளக்கு வெளிச்சத்தில் கறுத்துத் தெரிந்தது. அதைக் கீற்றின் நுனியில் தொட்டதும் கீற்று உறிஞ்சிக்கொண்டது. றமீஸாவின் பத்து விரல்களும் எழுத்துகளுக்கு மேலே, எதையும் அடிக்காமல், தூக்கியபடி நின்றன. எழுபதுக்குக் கீழா, மேலா என்று காட்டுவதற்கு முன் சின்னத் திரையில் வினாடிகள் எழுந்து இறங்கத் தொடங்கின.

ஐந்து.

நான்கு.

மூன்று.